உடுக்கையும் எட்டு ஃபேடர்களும்

2025 ஜூலை 19, காங்கேயம்

மூன்று இரவுகள் பதிவு செய்த அண்ணன்மார் கதை, பொன்னர் சங்கர் சகோதரர்களைப் பற்றிய கொங்கு நாட்டுக் கதைப்பாடல், இப்போது கணினியில் இருக்கிறது. தாராபுரம் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்துச் சாளையில் உட்கார்ந்து பாட்டுக்கார ஐயா பாடினார். குரலுக்கு ஒரு மைக், உடுக்கைக்கு ஒன்று, பின்பாட்டுக்காரருக்கு ஒன்று. சுருதிக்கு மட்டும் மென்பொருள் கருவி. இதே கதையை 1960-களில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் மானுடவியலாளர் பிரெண்டா பெக் ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதை நினைத்தாலே கையில் இருப்பது எவ்வளவு பெரிய பொருள் என்று பயம் வருகிறது.

குரல்தான் பெரிய வேலை. வசனம் சொல்லும்போது ஐயா திண்ணையில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலத் தாழ்த்திச் சொல்கிறார். அடுத்த அடியைப் பாட்டாக எடுக்கும்போது மைக் தாங்கவில்லை. உரத்த ஒலியைத் தானாக அடக்கும் கம்ப்ரஸரையே நம்பி அழுத்தினால் வசனத்தின் நடுவே மூச்சும் சாளையின் இரைச்சலும் உப்பி எழுகின்றன. கையால்தான் ஏற்றி இறக்க வேண்டும். குரல் மைக்கிலும் உடுக்கை விழுந்திருக்கிறது. ஆகவே குரலை ஏற்றும் அதே நொடியில் உடுக்கை டிராக்கை, அதாவது அதன் தனி ஒலித்தடத்தை, இறக்கியாக வேண்டும். மவுஸ் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும். இதற்காகவே எட்டு ஃபேடர் (மேலும் கீழும் தள்ளும் பிடி), எட்டுக் குமிழ் உள்ள, அசைவுகளை எண்களாகக் கணினிக்கு அனுப்பும் சிறிய மிடி கன்ட்ரோலர் ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன்.

ஜூலை 20

நான் பயன்படுத்தும் ஒலிப்பதிவு மென்பொருளான ரீப்பரின் மிடி சாதனப் பட்டியலில் கன்ட்ரோலருக்கு இரண்டு அனுமதிகள் உண்டு. ஒன்று, கீபோர்டைப்போல இசை உள்ளீடாக ஏற்பது. மற்றொன்று, அதன் அசைவுகளைக் கட்டளைகளாக ஏற்பது. இரண்டையும் கொடுத்தேன். முதல் ஃபேடர் குரல், இரண்டாவது உடுக்கை, மூன்றாவது பின்பாட்டு, எட்டாவது ரிவெர்ப் எனும் எதிரொலி முழக்கம்.

மாலையில் ரிவெர்பைக் குறைத்தபோது சுருதியும் சேர்ந்து அடங்கியது. ஏற்றினால் அதுவும் ஏறியது. வயரில் கோளாறா என்று பார்த்தே ஒரு மணி நேரம் போயிற்று. கடைசியில் ஃபேடர்கள் அனுப்பும் எண்களைப் பார்த்தேன்: 0 தொடங்கி 7 வரை. எட்டாம் ஃபேடரின் எண் 7. மிடி வழக்கில் 7 என்பது ஒலியளவு, 10 இட வலம், 64 பியானோவின் மிதி. சுருதி டிராக் பதிவுக்குத் தயார் நிலையில், எந்தக் கருவியிலிருந்து வந்தாலும் ஏற்கும்படி திறந்து கிடந்தது. 7 வந்தவுடன் அந்தக் கருவி தன் ஒலியைக் குறைத்துக்கொண்டது. அதன்மேல் தவறே இல்லை. முதல் அனுமதியை நீக்கினேன், கட்டளை அனுமதியை மட்டும் வைத்தேன். சுருதி அசையவில்லை.

ஜூலை 23

இன்று காலை ஒரு வேலை வீணாயிற்று. ஊர்க்கோயில் மணியோசைக்காக மேலே ஒரு புது டிராக்கைச் சேர்த்தேன். அதன்பின் முதல் ஃபேடர் மணியை ஏற்றி இறக்கியது, குரல் இரண்டாம் ஃபேடருக்குப் போயிருந்தது. நான் இணைத்திருந்தது ‘ஒன்றாம் டிராக்கின் ஒலியளவு’ என்ற செயலை. அதற்கு வரிசை எண்தான் தெரியும், குரல் எது உடுக்கை எது என்று தெரியாது.

ஃபேடரை டிராக்கின் ஒலியளவோடு நேரடியாக இணைப்பதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு டிராக்கிலும் கம்ப்ரஸருக்கு முன்னால் ஒலியளவை மட்டும் மாற்றும் ஒரு பிளக்இன்னை (துணை மென்பொருள்) வைத்து, அதன் அளவுகோலை ஃபேடருக்குக் கற்றுக்கொடுத்தேன். திரையில் அதைத் தொட்டு, ‘லேர்ன்’ என்பதை அழுத்தி, ஃபேடரைச் சற்று அசைத்தால் போதும். டிராக்கை எங்கே நகர்த்தினாலும் இணைப்பு கூடவே வருகிறது. இன்னொரு நன்மையும் உண்டு: கம்ப்ரஸருக்குள் போகும் முன்பே குரல் சமனாகிவிடுவதால் அது மூச்சைப் பிடித்து இழுப்பதில்லை.

ஃபேடரின் முழு ஓட்டத்துக்கும் கிடைப்பது 0 முதல் 127 வரையான படிகளே. பெரிய வீச்சை அதில் அடைத்தால் ஒவ்வொரு படியும் காதில் தட்டும். நான் வைத்தது ரீப்பரின் ஜேஎஸ் வகைப் பிளக்இன், அவை திறந்து திருத்தக்கூடிய எழுத்துக் கோப்புகள். வீச்சைக் குறிக்கும் வரியில் கழித்தல் 12 முதல் கூட்டல் 12 டெசிபெல் என்று மாற்றினேன். ஒரு படிக்கு 0.19 டெசிபெல். குரல் இப்போது வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. இந்த ஒரு வரித் திருத்தத்தைப்போல வேறு எதுவும் என்னை இந்த வாரம் மகிழ்விக்கவில்லை.

ஜூலை 27

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கி இந்தப் பக்கத்தைச் சுழற்றி அடிக்கிறது. பதிவு செய்த இரவுகளிலும் இதே காற்றுதான். சாளையின் ஓலை விளிம்பில் மோதிய உறுமல் மூன்று மைக்கிலும் இருக்கிறது. தாழ்ந்த அதிர்வுகளை வெட்டும் வடிகட்டியை முதல் குமிழில் இணைத்தேன். அதன் வீச்சு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஏறத்தாழ பத்து ஸ்தாயி. மடக்கை அளவில் பகிர்ந்தால் ஒரு படி கிட்டத்தட்ட அரைச்சுரம். காற்றை வெட்ட இது தாராளம்.

குரலில் துணிந்து வெட்டலாம். உடுக்கையில் கூடாது: ஐயா உடுக்கையின் இடுப்புக் கயிற்றைத் தளர்த்தி அடிக்கும் அந்த அடிவயிற்று ஓசையும் காற்றோடு போய்விடுகிறது. குமிழை மெல்லத் திருப்பி, அது மறையத் தொடங்கும் இடம் வரை போய், சற்றுப் பின்வாங்கி நிறுத்தினேன்.

இந்த ஃபேடர்களுக்கு மோட்டார் கிடையாது. நேற்று விட்ட இடம் திரையில் ஒன்று, கையில் ஒன்று. தொட்டவுடன் ஒலி குதித்தது. ‘சாஃப்ட் டேக்ஓவர்’ என்பதைத் தேர்ந்தபின், திரையில் உள்ள அளவை ஃபேடர் கடக்கும் வரை எதுவும் அசைவதில்லை. கடந்ததும் பிடித்துக்கொள்கிறது.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

அமராவதிக்குப் போய்த் திரும்பும் வழியில் ஐயா வீட்டுக்கு வந்தார். படுகளத்தில், அதாவது அண்ணன்மார் வீழ்ந்த போர்க்களத்தில், தங்கை தங்காள் அவர்களைத் தேடும் பகுதியைப் போட்டேன். திரையை அணைத்துவிட்டேன், அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் காது சோம்பிவிடுகிறது. வசனத்துக்கு முதல் ஃபேடரை ஏற்றி, இரண்டாவதை இறக்கி, ஓலம் எழும்போது இரண்டையும் திருப்பினேன்.

கண்ணை மூடிக் கேட்டவர் நடுவில் கை காட்டி நிறுத்தினார். “ஏனுங்க தம்பி, இங்கே உடுக்கையை ஏனுங்க இறக்கினீர்கள்? அவள் பேச முடியாமல் நிற்கிறாள். அந்த இடத்தில் உடுக்கைதானுங்க பேசும்.”

அவர் சொன்ன இடத்தை நான் வெறும் இடைவெளி என்று நினைத்து அடக்கியிருந்தேன். ஃபேடர் அசைவுகளைப் பதிந்து வைக்கும் ஆட்டோமேஷனை லேட்ச் நிலையில் வைத்தேன். விரல் தொடுவதை உணராத ஃபேடருக்கு அதுதான் ஏற்றது, ஓட்டத்தை நிறுத்தும் வரை கடைசி அளவைப் பிடித்து வைத்திருக்கும். நாற்காலியை நகர்த்தி, அவருடைய ஆள்காட்டி விரலை இரண்டாம் ஃபேடரின்மேல் வைத்தேன்.

“மேலே தள்ளினால் உடுக்கை கூடும், ஐயா.”

முதல் சுற்றில் தயங்கினார். இரண்டாம் சுற்றில் இடது கை தொடையில் தாளம் போட, வலது விரல் தங்காள் நின்ற இடத்தில் மெல்ல மேலேறி, அவள் மறுபடி வாய் திறக்கும் முன் இறங்கியது. நான் குரலை மட்டும் பார்த்துக்கொண்டேன். அந்தச் சுற்றைத்தான் சேமித்திருக்கிறேன். பின்பாட்டை நாளைக்கு எடுக்க வேண்டும்.