பைக்கும் சிறு விமானமும்: கர்டிஸின் ஊருக்கு ஒரு பயணம்

வார இறுதியில் ஏதாவது சிறிய விமான நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகையின் கதவு திறந்திருக்கும், உள்ளே செஸ்னா, பைப்பர் என்று ஏதாவது ஒரு சிறு விமானம் நிற்கும். அதன் இறக்கைக்குக் கீழே பல இடங்களில் ஒரு மோட்டார் சைக்கிளும் நிற்கும். இந்த இரண்டு ஆசையும் ஏன் ஒரே ஆளைப் பிடிக்கின்றன என்று பைலட்டுகளிடம் கேட்டால், வேகம், சுதந்திரம் என்பார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. வேகம்தான் காரணம் என்றால், செஸ்னா 172 மணிக்கு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேலேதான் போகிறது. அதைவிட வேகமாக ஓடும் கார்கள் நிறைய இருக்கின்றன. காரணம் சாய்வில் இருக்கிறது என்பது என் எண்ணம். கார் திரும்பும்போது நாம் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறோம். பைக்கும் விமானமும் நம்மோடு சேர்ந்து உள்பக்கம் சாய்ந்து திரும்புகின்றன. இந்த ருசி ஒருமுறை பட்டுவிட்டால் அப்புறம் விடாது.

இந்த எண்ணம் சரிதானா என்று பார்க்கத் தோதான ஊர் ஒன்று இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் ஏரிகள் பகுதியில், கியூக்கா ஏரியின் தென்முனையில் உள்ள ஹேமண்ட்ஸ்போர்ட். மோட்டார் சைக்கிளில் தொடங்கி விமானத்துக்குப் போன கிளென் கர்டிஸ் 1878-இல் பிறந்த ஊர். இந்தக் கோடையில் அங்கே போனேன். கூட வந்தவர் எங்கள் விமான நிலையத்தில் பழக்கமான ஓர் அண்ணன். எனக்குப் பறக்கும் ஆசையை மூட்டியவரும் அவர்தான்.

நியூஜெர்சியிலிருந்து 80, 380, 81 என்று நெடுஞ்சாலை மாறி மாறிப் போய், பிங்ஹாம்டனில் மேற்கே திரும்பினோம். இந்தப் பாதையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லாரிகள், காற்று, மலைத்தொடர், அவ்வளவுதான். பெட்ரோல் போட நின்ற ஓரிடத்தில் நடந்த பேச்சைத்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன் ஓட்டுவது பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர். இரண்டு சிலிண்டர்களும் இடமும் வலமும் கை நீட்டியதுபோல் வெளியே தெரியும். "இந்தப் பக்கம் வந்து குனிஞ்சு பாரு தம்பி. நம்ம விமானத்து லைகமிங் என்ஜினோட சொந்தக்காரன் மாதிரி இல்ல?" என்றார். உண்மைதான். எதிரெதிரே படுத்த சிலிண்டர்கள், அவற்றைச் சுற்றிக் காற்றில் ஆறுவதற்கான மெல்லிய உலோக மடிப்புகள். செஸ்னாவின் மூக்கு மூடியைத் திறந்தால் தெரிகிற அதே முகம். நின்றபடியே த்ராட்டிலைச் சட்டென்று முறுக்கினார். பைக் வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. என்ஜினின் சுழல் தண்டான கிராங்க் நீளவாக்கில் சுழல்வதால் வரும் எதிர்வினை அது. விமானத்திலும் ஓடி மேலெழும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வாலில் உள்ள திருப்புத் துடுப்பான ரடரை வலப்பக்கம் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். என்ஜின் எந்தப் பக்கம் இழுக்கும் என்று உடம்பு முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது இரண்டிலும் உண்டு.

இந்தச் சொந்தம் தற்செயலானதல்ல. பிஎம்டபிள்யூ முதலில் விமான என்ஜின் செய்த நிறுவனம். முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியில் விமான என்ஜின் தயாரிப்பைத் தடுத்தது. விமான என்ஜின் வடிவமைத்த அதே மாக்ஸ் ஃபிரிட்ஸ்தான் 1923-இல் பிஎம்டபிள்யூவின் முதல் மோட்டார் சைக்கிளான ஆர்32 என்ற பாக்ஸரை வடிவமைத்தார். இன்றைக்கும் ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிஎம்டபிள்யூ எஃப்650 பைக்குக்கு என்ஜின் செய்து கொடுத்ததும் அவர்கள்தான், உலகம் முழுக்க இலகு விமானங்களைத் தூக்குகிற 912 என்ஜினைச் செய்வதும் அவர்கள்தான்.

பாத் என்ற ஊரில் நெடுஞ்சாலையை விட்டு 54-ஆம் எண் சாலையில் இறங்கினால் ஹேமண்ட்ஸ்போர்ட் பக்கம்தான். ஊருக்குச் சற்று முன்னாலேயே கர்டிஸ் அருங்காட்சியகம் வந்துவிடுகிறது. வெளியே பிரம்மாண்டமான சி-46 சரக்கு விமானம் நிற்பதால் வழி தவற வாய்ப்பே இல்லை. உள்ளே சைக்கிள், மோட்டார் சைக்கிள், விமானம் என்று ஒரு மனிதனின் வாழ்க்கை வரிசையாக நிற்கிறது. சைக்கிள் பந்தயக்காரராக இருந்தவர், சைக்கிளில் என்ஜின் பொருத்திப் பார்க்க ஆசைப்பட்டார். முதல் முயற்சியில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டருக்குப் பதிலாகத் தக்காளி டப்பாவைப் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். அவருடைய என்ஜின்கள் எடை குறைந்து வலுவாக இருந்ததால் வாயு நிரப்பிய வான்கப்பல் ஓட்டிய தாமஸ் பால்ட்வின் தேடி வந்து வாங்கினார். கர்டிஸைத் தரையிலிருந்து வானத்துக்கு இழுத்தது அந்த வியாபாரம்தான்.

நாங்கள் அதிக நேரம் நின்றது வி8 மோட்டார் சைக்கிளின் மாதிரிக்கு முன்னால். அசல் வண்டி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. வான்கப்பலுக்காகச் செய்த 40 குதிரைத்திறன் எட்டு சிலிண்டர் என்ஜினைத் தூக்கி ஒரு நீண்ட சைக்கிள் சட்டத்தில் வைத்திருக்கிறார். செயின் இல்லை, அந்த வலுவுக்குத் தாங்காது என்று சுழல் தண்டு மூலம் பின் சக்கரத்தை ஓட்டியிருக்கிறார். கைப்பிடி பின்னால் வெகுதூரம் வளைந்து வருகிறது. ஓட்டுபவர் என்ஜினுக்குப் பின்னால் கிட்டத்தட்டப் படுத்துக்கொள்ள வேண்டும். 1907 ஜனவரி 24 அன்று ஃப்ளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரை மணலில் இதை ஓட்டி ஒரு மைலை 26.4 விநாடியில் கடந்தார். கணக்குப் போட்டால் மணிக்கு 136 மைல், அதாவது 219 கிலோமீட்டர். திரும்பி வரும் ஓட்டத்தில் தண்டின் இணைப்பு உடைந்து, சட்டம் வளைந்துவிட்டது. அந்த வேகத்தில் உடைந்த வண்டியை விழாமல் நிறுத்தியிருக்கிறார். என்னைப் பொறுத்தவரை சாதனையைவிடப் பெரிய விஷயம் அந்த நிறுத்தல்தான். பறக்கும்போது என்ஜின் நின்றால் என்ன செய்வது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பப் பழக்குவார்கள். அந்த நிதானம் இவருக்கு விமானம் ஏறும் முன்பே கைவந்திருக்கிறது.

அடுத்து ஜூன் பக் விமானத்தின் மாதிரி. இதைப் பார்க்கத்தான் வந்தேன். 1907-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் கூட்டிய சிறு குழுவில் கர்டிஸும் ஒருவர். அந்தக் குழு செய்த விமானம் இது. 1908 ஜூலை 4 மாலை, ஊரே திரண்டு நிற்க, இதை ஓட்டி ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறந்து சயன்டிஃபிக் அமெரிக்கன் கோப்பையை வென்றார். ஆனால் என் கண் போனது பைலட் இருக்கைக்கு. தோள்களை அணைத்துப் பிடிக்கும் ஒரு சட்டம், அதிலிருந்து இறக்கை நுனிகளுக்குப் போகும் கம்பிகள். இறக்கை நுனியில் முக்கோண ஏலரான்கள், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் அசையும் மடல்கள். இடப்பக்கம் சாய்ந்தால் விமானமும் இடப்பக்கம் சாயும். வலது இறக்கை தாழ்ந்தால் உடம்பு தானாகவே இடப்பக்கம் ஒதுங்குமல்லவா, அந்த ஒதுங்கலே விமானத்தை நிமிர்த்திவிடும். கையால் தனியாகச் செய்ய ஒன்றுமில்லை. மோட்டார் சைக்கிள்காரர் உட்காரத் தோதாக அமைந்த விமானம் இது.

ரைட் சகோதரர்களும் சைக்கிள் கடைக்காரர்கள்தான். 1903-இல் பறந்த அவர்களுடைய விமானத்தில் பைலட் குப்புறப் படுத்து இடுப்பை அசைத்தால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். அன்றைக்குப் பலர் தானாகவே நிலையாக மிதக்கும் கப்பல் போன்ற விமானத்தைக் கனவு கண்டுகொண்டிருந்தார்கள். சைக்கிள் தெரிந்தவர்களுக்கு மட்டும், ஓட்டுபவன் நொடிக்கு நொடி சமன் செய்துகொண்டே போனால் போதும் என்று புரிந்திருந்தது. பின்னால் இந்த இரு தரப்பும் காப்புரிமைக்காக நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் மோதிக்கொண்டதும், 1929-இல் இரண்டு பெயர்களும் சேர்ந்து கர்டிஸ்-ரைட் என்று ஒரே நிறுவனமானதும் தனிக் கதை.

அருங்காட்சியகத்தின் பட்டறையையும் பார்க்க விடுகிறார்கள். தன்னார்வலர்கள் பழைய விமானங்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் இறக்கைச் சட்டத்தின் மேல் துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். மெழுகு பூசிய நூல், நீளமான ஊசி. மேலிருந்து குத்தி, அடியில் வாங்கி, விலா எலும்பு போன்ற மரச் சட்டத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. ஒன்று அறுந்தாலும் அடுத்தது தளராது. எங்கள் ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு "பைக்கா? அப்படியென்றால் பறக்கவும் செய்வீர்களே" என்று கேட்டார். தலையாட்டினோம். ஊசியை வைத்துவிட்டுப் பேச உட்கார்ந்துவிட்டார். எங்கள் கும்பலை எங்கே போனாலும் இப்படிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அங்கே நின்ற கர்டிஸ் ஜென்னி என்ற பழைய விமானத்தைக் காட்டி அண்ணன் லிண்ட்பெர்க்கை நினைவுபடுத்தினார். அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த அந்த மனிதர் கல்லூரி நாளில் எக்செல்சியர் மோட்டார் சைக்கிள் பித்தர். 1922-இல் விமானம் கற்றுக்கொள்ள நெப்ராஸ்காவுக்குப் போனார், மறுவருடம் அவர் வாங்கிய முதல் விமானம் ஒரு ஜென்னி.

மறுநாள் காலை ஏரியின் மேற்குக் கரையை ஒட்டி 54ஏ சாலையில் வடக்கே போனோம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவில் திராட்சைத் தோட்டங்கள், இடையில் நெளிந்து போகும் சாலை. என் எண்ணத்துக்கு ஆதாரம் இங்கேதான் உடம்பிலேயே கிடைத்தது. ஒழுங்காகச் சாய்ந்து திரும்பினால் எடை முழுவதும் நேராக இருக்கைக்குள் இறங்கும். 30 டிகிரி சாய்ந்தால் நம் எடை 1.15 மடங்கு, 45 டிகிரி என்றால் 1.41 மடங்கு. பைக்குக்கு டயர் கொடுப்பதை விமானத்துக்கு இறக்கை கொடுக்கிறது, கணக்கு மட்டும் மாறாது. தப்பு செய்தால் தண்டனையும் உறவுமுறைதான். வளைவுக்குள் அதிக வேகத்தில் நுழைந்து நடுவில் பிரேக்கை இறுக்கினால் டயர் பிடி விடும். 45 டிகிரி சாய்வில் விமானத்தின் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்காமல் விட்டுவிடும் வேகம், கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடிவிடும். அதை மறந்து தாழப் பறக்கும்போது ஸ்டிக்கை இழுத்தால் இறக்கை பிடி விடும். வேகத்தை முன்பே சரிசெய்துவிட்டு, போக வேண்டிய இடத்தைப் பார். பைக் கற்றுக்கொடுப்பவரும் சொல்வது இதுதான், விமானத்தைத் தரையிறக்கக் கற்றுக்கொடுப்பவரும் சொல்வது இதுதான்.

வடமுனையில் பென் யான் விமான நிலையம். அங்கே பயிற்றுநர் ஒருவரோடு செஸ்னா எடுத்துத் தெற்கே பறந்தோம். கியூக்கா ஏரி ஒய் எழுத்துப் போலக் கிளை விரிப்பது மேலே போனால்தான் தெரியும். இரு கிளைகளுக்கும் நடுவே பிளஃப் என்ற மலைமுகடு. சற்று முன் நாங்கள் சாய்ந்து சாய்ந்து வந்த சாலை கீழே நூலாகக் கிடந்தது. அதே வளைவுகளின் மேலே விமானத்தை இடம் வலமாகச் சாய்த்துப் போனேன். கருவிப் பலகையின் அடியில் கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு சின்னக் கறுப்புப் பந்து இருக்கும். ரடரும் ஏலரானும் ஒத்துப்போனால் நடுவில் நிற்கும், இல்லையென்றால் ஓரத்துக்கு ஓடும். அன்று அது நடுவை விட்டு நகரவே இல்லை. பின்சீட்டிலிருந்து அண்ணன், "பைக்குல வந்த சூடு இன்னும் உடம்புல இருக்கு தம்பி" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். காலையில் ஏரியில் மூடுபனி இறங்கும், அதனால் முதலில் பைக், வெயில் ஏறிய பிறகு விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தி வேளையில் மான்கள் சாலைக்கு வந்துவிடும், இருட்டும் முன் பைக்கை நிறுத்திவிடுங்கள். அடுத்ததாக ஓஹியோவின் டேட்டனுக்கு, ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையும் அவர்கள் பறந்து பழகிய ஹஃப்மன் புல்வெளியும் பார்க்கப் போகலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். பாக்ஸருக்கு ஆயில் மாற்றி முடித்தாயிற்று.