ஏடபிள்யூஎஸ் ஆர்க்கிடெக்ட் தேர்வு: படம் வரைந்து படியுங்கள்

சர்வர், டேட்டாபேஸ் போன்றவற்றை இணையம் வழியே வாடகைக்குத் தரும் அமேசானின் ஏடபிள்யூஎஸ் நடத்தும் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வை இரண்டாவது முயற்சியில்தான் பாஸ் செய்தேன். 65 கேள்விகள், 130 நிமிடங்கள், 1000-க்கு 720 எடுக்க வேண்டும். முதல் முறை ஒவ்வொரு சர்வீஸும் என்ன செய்யும் என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போனேன். கேள்விகள் அப்படி வரவில்லை. ஒரு நிறுவனத்தின் வெப் அப்ளிகேஷனைச் சொல்லி, அதில் வரும் சிக்கலைச் சொல்லி, எதை மாற்றுவீர்கள் என்றுதான் கேட்டார்கள். நாலு விடையும் சரி போலவே இருந்தன.

ஃபெயில் ஆனால் 14 நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். நான் ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். நோட்டில் ஒரே ஒரு அப்ளிகேஷனை வரைந்தேன்: ஒரு கடைக்கு ஆர்டர் எடுக்கும் தளம். ஒரே சர்வர், ஒரே டேட்டாபேஸ். கூட்டம் கூடினால்? வரும் வேலையைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சர் போட்டு இன்னொரு சர்வரைச் சேர்த்தேன். இப்போது செஷன், அதாவது வாடிக்கையாளர் தளத்தில் இருக்கும்போது சேரும் தற்காலிகத் தகவல், முதல் சர்வரின் மெமரியில் கிடக்கிறது. அடுத்த கிளிக் இரண்டாவது சர்வருக்குப் போனால் வாடிக்கையாளரின் கூடை காலி! செஷனை வெளியே எடுத்து எலாஸ்டிகேஷ், டைனமோடிபி ஆகிய ஏடபிள்யூஎஸ் தரவுச் சேமிப்பு சர்வீஸ்கள் ஒன்றில் வைத்தால் எந்தச் சர்வர் விழுந்தாலும் கூடை அப்படியே இருக்கும். சர்வர் தன்னிடம் எந்தத் தகவலையும் வைத்துக்கொள்ளாத ‘ஸ்டேட்லெஸ்’ முறை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம் பில் தயாரிக்கும் வேலையைத் தனியாகப் பிரித்து, நடுவில் மெசேஜ்களை வரிசையில் வைத்திருக்கும் எஸ்க்யூஎஸ் சர்வீஸை வைத்தேன். ஒரு வொர்க்கர் (பில் தயாரிக்கும் புரோகிராம்) எடுத்த மெசேஜை மற்ற வொர்க்கர்களுக்குக் காட்டாமல் மறைத்து வைக்கும் நேரம்தான் அதன் விசிபிலிட்டி டைம்அவுட்; நாம் மாற்றாவிட்டால் அது 30 விநாடி. பில் தயாராக 40 விநாடி ஆனால், அதே மெசேஜை இன்னொரு வொர்க்கரும் எடுத்துவிடும்; ஒரே ஆர்டருக்கு இரண்டு பில் போகும். இப்படி ஒன்றை வரைந்து பார்த்துவிட்டால் மறக்கவே மறக்காது.

மல்டி ஏஇசட் (வேறொரு டேட்டா சென்டரில் தயாராக நிற்கும் டேட்டாபேஸ் நகல்), ரீட் ரெப்ளிகா (படிக்க மட்டுமான டேட்டாபேஸ் நகல்) இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டேட்டாபேஸ் விழுந்தால் தாங்கிப் பிடிக்க முன்னது. ரிப்போர்ட் எடுப்பவர்களால் டேட்டாபேஸ் திணறினால் பின்னது.

கேள்வியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். ‘குறைந்த செலவில்’ என்று முடிந்தால் ஒரு விடை, ‘குறைந்த பராமரிப்பில்’ என்று முடிந்தால் வேறு விடை. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் விடாதீர்கள்.

இன்னொன்று. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்குக் கூடுதலாக 30 நிமிடம் தருகிறார்கள். தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே அதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். முதல் முறை எனக்கு இது தெரியாமல் கடைசிக் கேள்விகளைப் படிக்காமலே விடை குறித்தேன். இரண்டாவது முறை சந்தேகமாக விட்டுவைத்த கேள்விகளை எல்லாம் திரும்பப் படிக்க நேரம் இருந்தது.