வாப்பாவின் மஹர் பாக்கி

தங்கச்சியின் நிக்காஹ் முடிந்து நாலு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு, கல்யாணம் பேசியிருக்கும் பையன்கள் இரண்டு மூன்று பேர் என்னிடம் வந்து மஹரைப் பற்றி, அதாவது நிக்காஹில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய பொருளைப் பற்றிக் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கதையைத்தான் சொன்னேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன். கதை 1986-இல் தொடங்குகிறது.

அந்த வருஷம்தான் பர்மாவின் ரங்கூனில் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் நிக்காஹ். ஊர்ப் பெயர் யாங்கோன் ஆகி எத்தனையோ வருஷமாகியும் எங்கள் வீட்டில் ரங்கூன்தான். பூர்வீகம் கீழக்கரை, ஆனால் உம்மா கீழக்கரையைப் பார்த்ததே இல்லை. மஹர் 1,500 கியாட் (பர்மாப் பணம்) என்று பேசினார்கள். பாதியை வாப்பா அன்றைக்கே கொடுத்தார், பத்து 75 கியாட் நோட்டுகளாக. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு 75-இல் ஒரு நோட்டு இருந்தது என்றாலே ஆச்சரியமாக இருக்கும். 1985 நவம்பரில் அரசாங்கம் 20, 50, 100 நோட்டுகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. அப்புறம் புழக்கத்துக்கு வந்ததுதான் இந்த 75.

உம்மா அந்தப் பத்து நோட்டையும் செலவழிக்கவில்லை. பிஸ்கட் டின்னில் போட்டு, மேலே ஒரு வெள்ளைத் துணியை மடித்து வைத்து, குர்ஆன் இருக்கிற அலமாரியிலேயே வைத்தார். 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 மூன்றும் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. பதிலுக்கு ஒரு பைசா கிடையாது. நாடு முழுக்க ஜனங்களின் சேமிப்பு ஒரே நாளில் போனது. எங்கள் வீட்டில் போனது உம்மாவின் மஹர்.

டின் இன்னும் இருக்கிறது. சின்ன வயதில் ஒருமுறை திறந்து காட்டச் சொன்னேன். ஆங் சான் படம் போட்ட பழுப்பு நோட்டுகள், ஒரு மடிப்புகூட விழாமல் புதுசாக இருந்தன. உம்மா அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பத்தும் சரியாக இருந்தது.

மீதி 750 என்ன ஆனது? வாப்பா மோசமானவர் இல்லை. ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். கடையிலிருந்து வந்ததும் உம்மாவுக்கு வெங்காயம் அரிந்து கொடுப்பார். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டு வேலைகளில் ஒத்தாசை செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்ன ஹதீஸை எங்களுக்கு முதலில் சொன்னதும் அவர்தான். ஆனாலும் அந்த 750-ஐக் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று நினைத்ததும் இல்லை. "அது எங்கே போகப்போகுது" என்று முப்பத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது.

2019-இல் வாப்பா மௌத்தானார். குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி ஜனாஸாவைக் கூடத்தில் வைத்திருந்தோம். பெரியவர்கள் இரண்டு பேர் உள்வாசல் பக்கம் வந்து, திரைக்கு அந்தப்புறம் இருந்த உம்மாவிடம் கேட்டார்கள்:

"ஏம்மா, அவர் மேலே மஹர் பாக்கி ஏதாச்சும் இருந்தா மன்னிச்சிடும்மா. மையித்து பாரமில்லாமப் போகட்டும்."

திரைக்குப் பின்னாலிருந்து அழுகைச் சத்தம்தான் வந்தது. யாரோ ஒரு மாமி, "மன்னிச்சுட்டாங்களாம்" என்றார். சரி என்று சொல்லிச் சந்தூக்கைத் தூக்கினோம். முன்னால் வலது பக்கம் தோள் கொடுத்தது நான்.

அந்தப் பெரியவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர்களுடைய உம்மாமாரிடமும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. 750 கியாட்டுக்கு 2019-இல் டீக்கடையில் இரண்டு டீ குடிக்கலாம், அவ்வளவுதான். அதைக் கொடுக்க எனக்கு வக்கில்லையா? புருஷனின் மையித்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளிடம் போய் "விட்டுக்கொடு" என்று கேட்டால் அவள் வேறு என்ன சொல்வாள்?

குர்ஆனில் சூரா நிஸாவின் நாலாவது ஆயத்தை, அதாவது வசனத்தைப் பாருங்கள். பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மனமுவந்து கொடுத்துவிடச் சொல்கிறது. அதிலிருந்து எதையாவது அவர்களாகவே மனம் ஒப்பி விட்டுத்தந்தால் மட்டும் தாராளமாக அனுபவிக்கலாம் என்கிறது. 'அவர்களாகவே' என்பதுதான் எல்லாம். இன்னொன்றும் இருக்கிறது. கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸா வந்தபோது நபியவர்கள் தொழவைக்க முன்வரவில்லை. "உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுங்கள்" என்றார்கள். அப்போது அபூகதாதா (ரலி) எழுந்து, "அவருடைய கடன் என் பொறுப்பு" என்றார். அதன் பிறகுதான் தொழவைத்தார்கள். புகாரி தொகுப்பில் இருக்கிற ஹதீஸ். கடன் மூன்று தீனார்.

யாரும் கடன் கொடுத்தவரிடம் போய் மன்னிக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உயிரோடு இருக்கிற ஒருவர் அதைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். அன்றைக்குக் கூடத்தில் "அந்த மஹர் என் பொறுப்பு" என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, வாய் மூடி நின்றேன். மஹர் பாக்கி என்பது மற்ற கடனைப் போலத்தான், சொத்தைப் பங்கு வைக்கிறதுக்கு முன்னால் அடைக்க வேண்டியது. இந்த நாட்டிலும் 1898-ஆம் வருஷத்துப் பர்மா சட்டங்கள் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி முஸ்லிம்களின் திருமணமும் வாரிசுரிமையும் ஷரீஅத் சட்டத்தின்கீழ்தான் வருகின்றன. இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

கணவனை இழந்த பெண் காத்திருக்கும் இத்தா, நாலு மாதம் பத்து நாள், உம்மாவுக்கு முடிந்த பிறகு, பள்ளிவாசலில் பழைய நிக்காஹ் பதிவைப் பார்க்கப் போனேன். மங்கிய நீல மையில் தமிழில் எழுதியிருந்தது: "மஹர் 1,500. கையில் 750. பாக்கி 750 முஅஜ்ஜல்." தேதி இல்லை. இந்த முஅஜ்ஜல் என்ற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரபியில் இது இரண்டு வார்த்தை. ஐன் எழுத்துப் போட்டால் உடனே கொடுப்பது, ஹம்ஸா போட்டால் பிறகு கொடுப்பது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். பாக்கி என்று முன்னால் இருந்ததால் அர்த்தம் புரிந்தது. ஆனால் 'பிறகு' என்றால் என்றைக்கு? பதிவு எழுதியவரும் கேட்கவில்லை, சாட்சிகளும் கேட்கவில்லை. நாள் குறிக்காத அந்தப் 'பிறகு' வாப்பாவின் கபர் வரைக்கும் வந்துவிட்டது.

தங்கச்சிக்கு வரன் பேசத் தொடங்கியபோது வாப்பா இடத்தில் நான் வலி, அதாவது மணப்பெண்ணின் பொறுப்பாளன். நாங்கள் பின்பற்றும் மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) வலி இல்லாமல் நிக்காஹ் இல்லை. அதனால் வலிக்குத் தலைக்கனம் வந்துவிடும் ஆபத்தும் உண்டு. முதலில் வந்த ஒரு இடத்தில் மஹரை வாய் நிறையப் பேசிவிட்டு, கடைசியில் "பையனுக்குக் கடை வைக்க ஏதாச்சும் பார்த்துச் செய்யுங்க" என்றார்கள். முன்வாசலில் மஹர் கொடுத்து, பின்வாசலில் பத்து மடங்கு கைக்கூலி, அதாவது வரதட்சணை, வாங்குகிற வேலை. அப்போதே எழுந்து வந்துவிட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

இரண்டாவதாக வந்தவர்தான் இப்போதைய மாப்பிள்ளை. ஃபோன் ரிப்பேர் செய்யும் சின்னக் கடை வைத்திருக்கிறார். தங்கச்சியைக் கூப்பிட்டு, "உன் மஹர் என்னன்னு நீதான் சொல்லணும்" என்றேன். அவள் ஒரு பருப்பு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவள். உளுந்தும் துவரையும் கப்பலில் இந்தியாவுக்குப் போகிற கணக்கெல்லாம் அவள் கையில். யோசிக்கவே இல்லை.

"கியாட்டுல வேணாம் காக்கா. தங்கத்துல எழுதுங்க. எட்டு பெ."

இங்கே தங்கத்தைப் பவுனில் நிறுப்பதில்லை. கியாத்தாக் கணக்குத்தான். ஒரு கியாத்தா இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் கூட, அதில் பதினாறு பெ. அவள் கேட்டது அரைக் கியாத்தா. ஏன் தங்கம் என்று நான் கேட்கவில்லை. உம்மாவின் டின்னைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அதோடு 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 1,300 கியாட் போல இருந்தது 2024-இல் வெளிச் சந்தையில் 4,000-ஐத் தாண்டியதையும் தினமும் பேரேட்டில் பார்த்தவள்.

மாப்பிள்ளையிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு, "மச்சான், எட்டும் கொடுக்கணும்னுதான் ஆசை. இப்ப என்கிட்ட அஞ்சுதான் இருக்கு. கடன் வாங்கிக் கொடுக்கட்டுமா?" என்றார்.

அந்தக் கேள்விக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. தங்கச்சியிடம் வந்து சொன்னேன். "கடன் வாங்க வேணாம். அஞ்சு இப்ப, மூணு பிறகு. ஆனா பிறகுன்னா தேதி போடணும்" என்றாள். இஸ்லாமிய வருஷத்தின் முதல் நாளான முஹர்ரம் பிறை ஒன்று என்று முடிவானது.

மஹருக்குக் கீழ்வரம்பு தேடி அலைகிறவர்களையும் பார்க்கிறேன், ஊர் மெச்ச மேலே ஏற்றுகிறவர்களையும் பார்க்கிறேன். ஒன்றுமே இல்லாத ஒரு ஸஹாபியிடம் (நபித்தோழரிடம்) நபியவர்கள் இரும்பு மோதிரமாவது தேடிவரச் சொன்னார்கள். அதுவும் கிடைக்காதபோது அவருக்குத் தெரிந்த குர்ஆனைக் கொண்டே மணம் முடித்து வைத்தார்கள். அலி (ரலி) அவர்கள் ஃபாத்திமா (ரலி) அவர்களை மணந்தபோது நபியவர்கள் ஏதாவது கொடுக்கச் சொன்னார்கள். தன்னிடம் ஒன்றும் இல்லை என்று அலி சொன்னதும், "உம்முடைய ஹுதமிய்யாக் கவசம் எங்கே?" என்று கேட்டார்கள். நபியவர்கள் தம் மனைவியருக்குக் கொடுத்த மஹர் 500 திர்ஹம் என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள், இன்றைய எடையில் சுமார் ஒன்றரைக் கிலோ வெள்ளி. தொகை ஆளுக்கு ஆள் மாறியது. கவசம் இருந்தவரிடம் கவசம், இல்லாதவரிடம் குர்ஆன். கையில் இருப்பதை மறைக்காமல் எடுத்துக் கொடுப்பதுதான் இவற்றில் எல்லாம் எனக்குத் தெரிகிறது.

நிக்காஹ் ஷவ்வாலில். அன்று காலை இரண்டு சாட்சிகளோடு மாடிக்குப் போய் தங்கச்சியிடம் சம்மதம் கேட்டேன். வெட்கப்பட்டுத் தலையாட்டினால் போதும் என்றுதான் ஊரில் வழக்கம். அவள் வாய் திறந்து, மாப்பிள்ளை பெயரையும் மஹரையும் சொல்லி, "சம்மதம்" என்றாள். கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களை அவர் தந்தை விருப்பமில்லாமல் கட்டிவைத்தபோது நபியவர்கள் அந்த நிக்காஹையே ரத்து செய்தார்கள். வலியின் கையில் இருக்கிற அதிகாரம் எவ்வளவு என்பதை அந்த மாடிப்படியில் இறங்கும்போது நினைத்துக்கொண்டேன்.

பதிவுப் புத்தகத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதவைத்தேன்: "மஹர் எட்டு பெ தங்கம். ஐந்து பெ மணமகள் கையில் கொடுக்கப்பட்டது. மூன்று பெ முஹர்ரம் பிறை ஒன்றுக்குள்." முஅஜ்ஜல் என்ற வார்த்தையே வேண்டாம் என்றேன். எழுதியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பரவாயில்லை.

கேட்க வந்த பையன்களிடம் இன்னும் ஒன்று சொன்னேன். கொடுத்த பிறகு அது அவளுடையது. கடைக்கு முடை என்றால் அவளிடம் கேட்கலாம், ஆனால் கடனாகக் கேளுங்கள், எழுதிக் கொடுங்கள், தேதி போடுங்கள். அவள் இல்லை என்று சொன்னால் முகத்தைத் தூக்காதீர்கள். கணவன் மனைவிக்குள் என்ன கணக்கு என்று ஒரு பையன் கேட்டான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம் தம்பி என்றேன்.

மாப்பிள்ளை முஹர்ரத்துக்கு முந்தின மாதமான துல்ஹஜ் பிறை இருபதிலேயே மூன்று பெயையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். தங்கச்சி எனக்கு ஃபோன் செய்து சொன்னாள். அன்று சாயங்காலமே உம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உம்மா, வாப்பாவோட மஹர் பாக்கி என் பொறுப்பு. எவ்வளவுன்னு நீங்க சொல்லுங்க."

"அதைத்தான் அன்னிக்கே மன்னிச்சாச்சே" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நான் மன்னிச்சேன்னு சொல்லவே இல்லடா. அழுதுக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு, "ரெண்டு பெ போதும்" என்றார்.

மொகல் தெருவுக்கு உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் ஷ்வே பொந்தா தெரு என்று மாறியும் உம்மாவுக்கு அது மொகல் தெருதான். சாதாரண வளைய மோதிரம் ஒன்றை எடுத்தார். தராசில் வைத்ததும் குனிந்து எடையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டார். கடைக்காரர் கொடுத்த ரசீதை நாலாக மடித்து, பிஸ்கட் டின்னைத் திறந்து, வெள்ளைத் துணியை விலக்கி, அந்தப் பத்து நோட்டுக்கு மேலே வைத்தார்.