செட்டிநாட்டு வளவில் மேனுவல் மோடு பழகியது

கேமரா வாங்கியதிலிருந்து ஆட்டோ மோடிலேயே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்த என்னை, எல்லா அளவுகளையும் நாமே வைக்கும் மேனுவலுக்குத் தள்ளியது செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவுதான். வளவு என்றால் வீட்டுக்குள் முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். நடுவில் திறந்த முற்றம், அதில் கொட்டும் வெயில். சுற்றிலும் பர்மா தேக்குத் தூண்கள், அவற்றுக்குப் பின்னால் நிழல். ஆட்டோவில் எடுத்தால் முற்றம் வெளுத்துப்போகும், இல்லாவிட்டால் தூண்கள் கரியாகிவிடும்.

இதை அளந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அபர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 என்று வைத்துக்கொண்டேன். முற்றத்து வெயிலுக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/400 நொடி வந்தது. தூண் பக்கம் திருப்பினால் 1/8. 400, 200, 100, 50, 25, 12 என்று பாதிபாதியாக இறங்கிப் பாருங்கள், ஒவ்வொரு பாதியும் ஒரு ஸ்டாப்; 8 வரை வந்தால் ஐந்தரை ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். வெயிலுக்குச் சரியாக வைத்தால் நிழல் கறுக்கத்தானே செய்யும்!

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் நான் படும் அவஸ்தையைக் கவனித்துவிட்டு, “வெயில் உள்ள இறங்கறதுக்கு முன்னாடி வாங்க தம்பி, அப்பத்தான் வளவு முழுக்க ஒரே மாதிரி வெளிச்சமா இருக்கும்” என்றார். எந்த செட்டிங்கும் செய்யாத வேலையை அந்த யோசனை செய்தது. மறுநாள் விடிந்ததும் ட்ரைபாடோடு போனேன். விரல் பட்டு ஆடாமலிருக்க 2 நொடி டைமர். அப்புறம் கணினியில் நிழலை வெளிச்சமாக்கிக்கொள்ள வசதியாக ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் பதிவு). கேமராவை மேலே அண்ணாத்தினால் தூண்கள் உள்பக்கம் சாயும் என்பதால் மட்டமாக வைத்து, தேவைப்பட்டபோது பின்னால் நகர்ந்துகொண்டேன்.

தரை ஓடு (டைல்ஸ்) செய்யும் ஆத்தங்குடியில் கதையே வேறு. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். கை நிற்பதே இல்லை. இங்கே முதலில் ஷட்டரைத்தான் முடிவு செய்ய வேண்டும். 1/125, எஃப் 4, அதற்கு ஐஎஸ்ஓ 1600 வரை ஏற்ற வேண்டியிருந்தது. படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும், தட்டட்டும். கலங்கிய கையை அப்புறம் எந்த சாஃப்ட்வேராலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. ஃப்ளாஷ் வேண்டாம், கண்ணாடியும் ஈரக் கலவையும் பளிச்சென்று எதிரடிக்கும்.

ஜன்னல் மேலுள்ள வண்ணக் கண்ணாடியை எடுக்கும்போது வண்ணச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் நிறுத்திவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் சிவப்பையும் பச்சையையும் குறை என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும். ட்ரைபாடுக்கு மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது; தரையில் கீறல் விழும் என்று ஒரு வீட்டில் வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.