முதலில் டிரான்ஸ்ஃபார்மர், அப்புறம்தான் சத்தம்: ஒரு பழைய மார்ஷல் வாங்கிய அனுபவம்

பழைய வால்வு ஆம்ப் (கண்ணாடி வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள் என்பதுதான் என் முதல் பதில். வால்வு தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம். கெபாசிட்டருக்கு வயதாகியிருந்தால் அதையும் மாற்றலாம். பெட்டியின் மேலுறையில் பூஞ்சை படிந்திருந்தால் துடைத்துவிடலாம், நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில் அது படியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அசல் டிரான்ஸ்ஃபார்மர்கள் எரிந்துபோய் வேறு எதையோ மாட்டியிருந்தால், நாம் கொடுக்கும் பணம் முகப்பில் இருக்கும் பெயருக்கு மட்டும்தான்.

நான் தேடியது மார்ஷல் நிறுவனத்தின் ஜேசிஎம்800 வரிசையில் 2204, அதாவது 50 வாட் தலைப்பெட்டி (ஸ்பீக்கர் இல்லாமல் தனியாக வரும் ஆம்ப்). இந்தச் சர்க்கியூட் 1975இலேயே மாஸ்டர் வால்யூம் (மொத்தச் சத்தத்துக்குத் தனித் திருகு) மாடலாக வந்துவிட்டது. 1981இல்தான் ஜேசிஎம்800 என்ற பெயரையும் புதிய முகப்பையும் பெற்றது. 100 வாட் அண்ணன் 2203ஐத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள சத்த வித்தியாசம் ஏறக்குறைய 3 டெசிபல்தான், எனவே 50 வாட் என்றால் சத்தம் பாதியாகிவிடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். 2204இல் பவர் வால்வு நான்குக்குப் பதில் இரண்டு. பராமரிப்புச் செலவு குறையும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

இந்தப் பெயரில் பல மாடல்கள் உண்டு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு சேனல் கொண்ட 2205, 2210 ஆகியவையும் ஜேசிஎம்800தான். அவற்றின் டிஸ்டார்ஷனில், அதாவது உறுமலில், டயோடு என்ற சிறு மின்பாகங்களுக்கும் பங்கு உண்டு, அதனால் குணமே வேறு. விளம்பரத்தில் வெறுமனே ‘ஜேசிஎம்800’ என்று போட்டிருந்தால் பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்கி மாடல் எண்ணைப் பாருங்கள்.

நடுவில் பீவி 5150 ஒன்றும் கண்ணில் பட்டது. 1992இல் வந்த அமெரிக்க ஆம்ப், 120 வாட், கெயினுக்கு (சிக்னலைப் பெருக்கும் அளவுக்கு) குறைவே இல்லை. விலையும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பின்பக்கத்தில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்குப் போட்டுச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை 50இல் ஓட்டினால் இரும்பு உள்ளகத்துக்குச் சுமை கூடிச் சூடேறும். பல ஆண்டுகள் வைத்து வாசிக்க நினைப்பவனுக்கு இது சரிவராது என்று விட்டுவிட்டேன்.

பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கடைகளில் பழைய மார்ஷல் எப்போதாவதுதான் வரும். பழைய பொருள்கள் விற்கும் கரோசல் இணையச் சந்தையில் ‘எல்லாம் ஒரிஜினல்’ என்று போட்டிருந்த ஒன்றைப் போய்ப் பார்த்தால், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பெயருமில்லை, எண்ணுமில்லை. அந்தக் கால மார்ஷலில் டிரேக் அல்லது டாக்னால் நிறுவனத்தின் டிரான்ஸ்ஃபார்மர்தான் பொதுவாக இருக்கும். அதன்மேல் எண் அச்சிட்டோ ஒட்டியோ இருக்கும். விற்றவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன், பேச்சை மாற்றினார். கிளம்பிவிட்டேன்.

கடைசியில் கிடைத்தது ஈசூனில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில். எண்பதுகளில் இசைக்குழுவில் வாசித்த ஒரு தமிழ் அங்கிள் வைத்திருந்தார். “தம்பி, மூடியக் கழட்டிப் பாரு. எனக்கு ஒளிக்க ஒண்ணுமில்ல” என்றார். அந்த ஒரு வார்த்தையே பாதி நம்பிக்கை தந்தது. இருந்தாலும் ஒரு வாடகை ஜாம் அறைக்கு (இசைக்குழுக்கள் பயிற்சி செய்யும் அறை) கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். வீட்டில் மெதுவாக வாசித்துப் பார்த்து இந்த மாதிரி ஆம்பை எடைபோட முடியாது. சத்தம் கூடக்கூடத்தான் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் உண்மையைப் பேசும். அவர் யோசிக்காமல் சம்மதித்தார்.

ஜாம் அறையில் முதல் வேலை, தலைப்பெட்டியின் ஓம்ஸ் (மின்தடை அளவு) தேர்வும் ஸ்பீக்கர் பெட்டியின் ஓம்ஸும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. ஸ்பீக்கரை மாட்டாமல் வால்வு ஆம்பை ஒருபோதும் ஓட்டக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கொல்ல அதுவே போதும். இணைப்பதும் ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும், கிட்டார் கேபிள் ஆகாது.

அடுத்து, கிட்டாரை மாட்டாமல் ஸ்டாண்ட்பை (காத்திருப்பு) சுவிட்சை விடுவித்து, வால்யூமைச் சுழியில் வைத்துவிட்டு ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலைக் கவனித்தேன். இதற்கு என்னிடம் ஒரு சின்ன வழி உண்டு. நம் மின்சாரத்தில், மின்னோட்டத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர் பலவீனமானால் வரும் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். கிட்டாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை அழுத்தினால் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். இரண்டும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே ஒலிக்கும். இரைச்சல் அந்தச் சுரத்தோடு சேர்ந்தால் கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50 ஹெர்ட்ஸ், எர்த்திலோ வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் வயரிலோ தேட வேண்டும். இந்தப் பெட்டியில் இரைச்சல் ஜியிலேயே வந்து நின்றது, லேசாகத்தான். வயதுக்கு அது எதிர்பார்த்ததே.

பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கமாக இஎல்34 என்ற பவர் வால்வுகளைப் பார்த்துக்கொண்டே அங்கிளை வாசிக்கச் சொன்னேன். கண்ணாடியின் உட்பக்கம் நீலமாக மினுங்கினால் பயமில்லை. சாம்பல் நிறத் தகடு சிவந்தால் உடனே அணைக்க வேண்டும். கால் மணிநேரத்துக்கும் மேல் சத்தமாகவே ஓட்டினோம், சிவக்கவில்லை. லோ உள்ளீட்டில் ஒலி சுத்தமாக வந்தது. ஹை உள்ளீட்டுக்கு மாற்றினால் கரகரப்பு. லோ உள்ளீட்டின் சிக்னல், பெருக்கும் முதல் கட்டத்துக்குள் போகாமல் தாண்டிவிடும், ஆகவே கோளாறு அந்தக் கட்டத்தில்தான். அங்கே இருக்கும் சிறிய வால்வை, முதல் ஈசிசி83ஐ, பென்சில் கட்டையால் மெல்லத் தட்டினேன், ஸ்பீக்கரில் மணி அடித்தது போல் கேட்டது. மைக்ரோஃபோனிக் ஆன, அதாவது அதிர்வையே ஒலியாக்கும் வால்வு. கைவசம் கொண்டுபோயிருந்த வேறொன்றை மாற்றியதும், அடடா, அந்த ஏ கார்டின் உறுமல் நெஞ்சுக்கூட்டில் வந்து மோதியது!

உள்ளே திறந்து பார்க்க, வால்வு ஆம்ப் பழுதுபார்க்கும் ஓர் அண்ணனிடம் கொண்டுபோனோம். இதை நானே செய்ய மாட்டேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டருக்குள் 400 வோல்ட்டுக்கும் மேல் தங்கியிருக்கக்கூடும். அவரே இடக்கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு ஒற்றைக் கையால்தான் அளந்தார். “ரெண்டு கையும் உள்ள போனா மின்சாரம் நெஞ்சு வழியா போயிரும்ப்பா” என்றார். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் அசல், சால்டர் கலையாமல் இருந்தது. நீல நிற எல்சிஆர் பிராண்ட் கெபாசிட்டர்களும் அசல்தான், ஆனால் ஒன்றின் அடிப்பக்கம் உப்பிப் பழுப்பாகக் கசிந்திருந்தது. முகப்பில் கூடுதல் துளை ஏதுமில்லை. அந்தக் காலத்தில் இந்த மாடலைத் துளைத்துக் கூடுதல் வால்வு செருகியவர்கள் ஏராளம். அப்படி மாற்றியது பிடித்தவர்கள் வாங்கட்டும், விலை மட்டும் குறைய வேண்டும்.

பேரம் சுலபமாக முடிந்தது. கேட்ட விலை 2,800 வெள்ளி. கெபாசிட்டர், வால்வு, கூலி மூன்றுக்கும் அண்ணன் சொன்ன தொகையை எழுதிக் காட்டினேன். அங்கிள் படித்துப் பார்த்து, “நியாயம்தான்” என்று 2,400க்கு ஒத்துக்கொண்டார்.

கெபாசிட்டர்களை மாற்றிய பிறகு பயஸ், அதாவது வாசிக்காதபோதும் பவர் வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு, வைத்தோம். இஎல்34 தகட்டின் தாங்குதிறன் 25 வாட், அதில் 70 சதவீதம் 17.5 வாட். தகட்டில் 450 வோல்ட் இருந்ததால் வால்வுக்கு 39 மில்லியாம்ப்தான் மேல் எல்லை. அண்ணன் 35இல் நிறுத்தினார். நமக்கு வெக்கை அதிகம், கொஞ்சம் குளிர்ச்சியாகவே ஓடட்டும் என்பது அவர் கணக்கு, எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

இப்போது வீட்டில் லோடு பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சுமையைத் தாங்கும் பெட்டி) வழியாக ஹெட்ஃபோனில் வாசிக்கிறேன். வார இறுதியில் ஜாம் அறைக்குக் கொண்டுபோய் மாஸ்டரை நான்கு வரை திருப்புகிறேன். கழற்றிய பழைய கெபாசிட்டர்களையும் அண்ணன் எழுதிக் கொடுத்த அளவுகளையும் ஓர் உறையில் போட்டுப் பெட்டியோடு வைத்திருக்கிறேன். நாளைக்கு இதை விற்றால், வாங்க வருபவரிடம் மூடியைக் கழற்றிக் காட்டும்போது அதையும் கையில் கொடுப்பேன்.