விழுந்ததா, திருகியதா?

“விழுந்துட்டான்.” காயப்பிரிவில் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் சொல் இது. கபடியில் எதிராளி கணுக்காலைப் பிடித்தது, பஞ்சா (மேசையில் முழங்கை ஊன்றிக் கைகோத்துச் சாய்க்கும் போட்டி) பிடிக்கையில் கூட்டாளி கையைச் சாய்த்தது, பாட்டி பிள்ளையைக் கையைப் பிடித்துத் தூக்கியது எல்லாமே இந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துவிடும். கூட்டாளி மேல் போலீஸ் கேஸ் ஆகுமோ, பாட்டிக்கு வீட்டில் ஏச்சு கிடைக்குமோ என்ற பயம்தான் காரணம். ஆனால் விழுந்து ஊன்றிய கையும் இன்னொருவர் பிடியில் திருகிய கையும் ஒன்றல்ல. தானாகப் பிசகும் காலை வலி எடுத்ததும் உடம்பே தளர்த்திவிடும். பிடியில் இருக்கும் காலோ அசையாது. மேல் உடம்பு மட்டும் திரும்பிக்கொண்டே போகும். பிடித்தவருக்கு அந்த வலி தெரியவும் தெரியாது.

ஒரு வயது முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒற்றைக் கையைப் பிடித்துப் படியேற்றுவார்கள். சொத்தவிளைக் கடற்கரையில் அலை வரும்போது ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கி ஆட்டுவார்கள். அந்த இழுப்பில் முழங்கையில் ரேடியஸ் (முன்கையின் கட்டைவிரல் பக்க) எலும்பின் தலையைச் சுற்றியிருக்கும் வளையத் தசைநார் நழுவி மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். வீக்கம் இருக்காது. பிள்ளை கையை லேசாக மடக்கி, உள்ளங்கையை உடம்புப் பக்கம் வைத்துக்கொண்டு, அதை அசைக்கவே மாட்டாது. பயிற்சி உள்ளவர் முழங்கையை ஒரு கையால் தாங்கி, கட்டைவிரலை ரேடியஸ் தலைமேல் வைத்து, மறுகையால் உள்ளங்கை கீழே பார்க்கும்படி முழுக்கத் திருப்புவார். விரலுக்கடியில் சின்னதாக ஒரு ‘டக்’. பெரும்பாலும் 10, 15 நிமிடத்தில் பிள்ளை அதே கையை பிஸ்கட்டுக்கு நீட்டிவிடும்.

உண்மையில் விழுந்த பிள்ளைக்கு இதையே செய்தால்? முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்திருந்தால் அந்தத் திருப்பல் நரம்பையும் ரத்தக்குழாயையும் நசுக்கக்கூடும். வீக்கம் தெரிந்தால் முதலில் எக்ஸ்ரேதான். அதனால்தான் குற்றம் சாட்டாத குரலில் கேட்க வேண்டும்: “ஆச்சி, பிள்ளைக்க கையப் பிடிச்சுத் தூக்குனியளா?” அப்படிக் கேட்டால் பதில் வந்துவிடும்.

பஞ்சாவில் மேல்கை எலும்பின் கீழ்ப்பகுதி சுருளாக முறியும். ஒட்டிப் போகும் ரேடியல் நரம்பும் சேர்ந்து அடிபடலாம். மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள். தொங்கினால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கையை இழுக்காமல், துவர்த்தை (துண்டை) மடித்துத் தொட்டில் கட்டி உடம்போடு சேர்த்து அனுப்பினால் போதும்.

கபடிக்காலில் இரண்டைப் பாருங்கள். கணுக்கால் மொளியின் (பக்கவாட்டில் புடைத்திருக்கும் எலும்பின்) பின்விளிம்பில், கீழ் 6 சென்டிமீட்டருக்குள் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா? 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதி இது. எலும்பு வலித்தாலோ நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. முழங்காலில் ‘பட்’டென்று சத்தம் கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது, தசைநார் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

குளச்சலிலும் முட்டத்திலும் மீனுக்குப் போடும் ஐஸ் உடனே கிடைக்கும். துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். நேராக வைத்தால் தோல் வெந்துபோகும். வீங்குவதற்கு முன்பே கொலுசையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். வர்ம வைத்தியம் வேரோடிய கன்னியாகுமரி மாவட்டம் இது. தைலக்கிண்ணத்தைத் தொடுமுன் நல்ல ஆசான் எலும்பைத் தடவிப் பார்ப்பார். எலும்பு முறியவில்லை என்று உறுதியாகும் முன் சொடுக்கெடுக்கவோ, முதல் இரண்டு நாள் அழுத்தித் தடவவோ யாரையும் விடாதீர்கள்.