பேரு என்ன ஆச்சி?

"இந்தக் கோலம் யாரு போட்டது ஆச்சி?"

"அதான், அந்த வலிப்புக்காரப் பொண்ணு."

இன்று காலை, தேவகோட்டையில் ஒரு கல்யாண வீடு. ஆச்சி குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

அந்தப் பெண் பக்கத்திலேயேதான் குனிந்திருந்தாள். மாவில் நனைத்த துணியைப் பிழிந்து, நடுவீட்டுக் கோலத்தின் கடைசிக் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். சொல் காதில் விழுந்ததும் கை நின்றது. மாவு ஒரே இடத்தில் சொட்டி, மிளகு அளவுக்குத் திரண்டது. துணி நுனியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி இழுத்தாள். கோடு கொஞ்சமும் கோணவில்லை.

அப்புறம் பேச்சுக் கொடுத்தேன். கடைசியாக வலிப்பு வந்து 4 வருஷம் ஆகிறதாம். மாத்திரை தவறுவதே இல்லை.

"எம்.ஏ. முடிச்சிருக்கேன் அக்கா. அது யாருக்கும் ஞாபகமில்ல. பள்ளிக்கூடத்துல விழுந்ததும், கையில இரும்புச் சாவியைத் திணிச்சதும்தான் எல்லாருக்கும் ஞாபகம்."

சாவியால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் கூடவே இருக்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. இதைத் தெரிந்துகொள்ளாத நமக்கு, பட்டப்பெயர் வைக்க மட்டும் தெரிகிறது.

இந்துத் திருமணச் சட்டத்தில் கல்யாணத்துக்குத் தடையாக எழுதியிருந்த 'வலிப்பு' என்ற சொல்லை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். நம் வீட்டு வளவுக்குள் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

கிளம்பும்போது, தெரிந்தேதான் கேட்டேன்:

"அந்தப் பொண்ணு பேரு என்ன ஆச்சி?"

ஆச்சி ரொம்ப நேரம் யோசித்தார்.